‘ரன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வது எப்படி? புதிதாக ஆங்கிலம் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் பழகத் தொடங்குகிற யாரும் ‘ரன்’ என்ற சொல்லுக்காக அகராதியைப் புரட்டுவதில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊரில் அது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மேலாளர் ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று எழுதுகிறார். டாக்டர் ‘டஸ் இட் ரன் இன் தி ஃபேமிலி?’ என்று கேட்கிறார். புதுச் சட்டையின் உள்பக்கத்தில் ‘கலர்ஸ் மே ரன்’ என்று ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கிறது. மூன்றிலும் யாரும் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெரிந்ததாக இருந்தும் வாக்கியம் பிடிபடாமல் நிற்கிறோம்.

இது உங்கள் குறையல்ல. 1928-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு முடிந்தபோது, அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. இன்று அந்த இடம் ‘ரன்’னுக்கு. 2011-இல் வெளியான கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள். அகராதிக் குழுவின் பீட்டர் கில்லிவர் அந்த ஒரு பதிவைத் திருத்தி எழுத ஏறத்தாழ ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார்.

சரி, 645-ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது நடக்காத காரியம், தேவையும் இல்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்கப் பழகினால் போதும். எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள், பின்னால் எந்தக் குட்டிச் சொல் வருகிறது: இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் பொருள் கைக்கு வந்துவிடும்.

முதல் வேலை: நம் ‘ஓடு’வை நம்புங்கள், ஓரளவுக்கு

தமிழில் நாமும் இந்தச் சொல்லைக் கொஞ்சமாகவா பயன்படுத்துகிறோம்? பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது, மனசுக்குள் என்னென்னவோ ஓடுகிறது. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் தயங்காமல் ‘ரன்’ போடலாம். ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ‘தி ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்’ என்பது நம் போஸ்டர் வாசகமேதான். எனவே ‘ரன்’ என்று கண்டதும் முதலில் தமிழில் ‘ஓடு’ பொருந்துகிறதா என்று பாருங்கள். பாதி நேரம் பொருந்தும்.

பொருந்தாத இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘காலம் ஓடிப்போச்சு’ என்பதற்கு ஆங்கிலத்தில் காலம் பறக்கும்: ‘டைம் ஃப்ளைஸ்’. ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்று சொன்னால் பொருளே மாறி, நேரம் தீரப்போகிறது, சீக்கிரம் முடி என்று அவசரப்படுத்துவதாகிவிடும். நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘ரன்னிங் பஸ்ல ஏறாதே’ என்பதும் அப்படித்தான். அது ‘மூவிங் பஸ்’ என்று இருக்க வேண்டும். ‘ரன்னிங் பஸ்’ என்றால் வெளிநாட்டுக்காரருக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் பஸ் என்றுதான் தோன்றும், அது நின்றுகொண்டே இருந்தாலும்கூட. ஆனால் வீட்டு விளம்பரத்தில் ‘ரன்னிங் வாட்டர்’ என்று இருந்தால் குழாயில் தண்ணீர் வரும் வீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஓடுவதா, ஓட்டுவதா?

என்னைக் கேட்டால், இந்தச் சொல்லுக்கான உண்மையான சாவி இதுதான். தமிழில் ‘ஓடு’ வேறு, ‘ஓட்டு’ வேறு. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ‘ரன்’ ஒன்றே பார்க்கிறது. பழைய ஆங்கிலத்தில் அவர்களுக்கும் இரண்டு வினைகள் இருந்தன: ஓடுவதற்கு ‘ரின்னன்’, ஓட்டிச் செல்வதற்கு ‘ஆர்னன்’. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. பிரித்துப் பார்க்கும் வேலை இப்போது கேட்பவர் தலையில்.

பிரிக்கும் வழி எளிது. ‘ரன்’னுக்கு அடுத்து ஒரு பெயர்ச்சொல் நேரடியாக வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ஷி ரன்ஸ் எவ்ரி மார்னிங்’ என்றால் தினமும் காலையில் ஓடுகிறார். ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடம் நடத்துகிறார். பின்னால் பெயர் வந்தால் ‘நடத்து, இயக்கு, செய்’ என்ற பக்கம் திரும்புங்கள். கடை, கட்சி, கேண்டீன் எல்லாவற்றையும் ‘ரன்’ செய்யலாம். ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் பரிசோதனை செய். ‘ரன் தி புரோகிராம்’ என்றால் அந்த நிரலை இயக்கு. பத்திரிகை ஒரு செய்தியை ‘ரன்’ செய்தது என்றால் வெளியிட்டது. ‘ஐ ஹேவ் டு ரன் சம் எரண்ட்ஸ்’ என்றால் பால் வாங்குவது, பில் கட்டுவது மாதிரி வெளிவேலைகள் இருக்கின்றன. ‘ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்’ என்பவர் உங்களை ஓடவிடப் போவதில்லை, வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

ஒரே ஒரு பொறி: கார். நாம் கார் ‘ஓட்டுகிறோம்’ என்பதால் ‘ஐ ரன் எ கார்’ என்று சொல்லத் தோன்றும். ஓட்டுவதற்கு ‘டிரைவ்’தான். பிரிட்டனில் ‘ரன் எ கார்’ என்றால் சொந்தமாகக் கார் வைத்து, பெட்ரோல், காப்பீடு, பராமரிப்பு என்று செலவு பண்ணிக் கட்டிக் காப்பது. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்று ஒருவர் சொன்னால், ஓட்டத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் அவ்வளவு பணமில்லை என்கிறார்.

மூன்றாவது: வாலைப் பாருங்கள்

அவுட், இன்டு, ஓவர், டவுன், பை, த்ரூ போன்ற குட்டிச் சொற்கள் ‘ரன்’னுக்குப் பின்னால் வந்து பொருளை முழுசாகத் திருப்பிவிடும். இதில் ‘அவுட்’டை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

2019 ஜூலை 10, மான்செஸ்டர், உலகக் கோப்பை அரையிறுதி. மார்ட்டின் கப்டில் தூரத்திலிருந்து எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட, தோனி 50 ரன்னில் வெளியேறினார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘தோனி வாஸ் ரன் அவுட்’. அந்த ‘வாஸ்’ இல்லாமல் ‘தோனி ரேன் அவுட்’ என்றால் தோனி வெளியே ஓடினார் என்று ஆகிவிடும். கிரிக்கெட் ஆங்கிலத்தில் ஃபீல்டர்தான் பேட்ஸ்மேனை ‘ரன் அவுட்’ செய்கிறார். பேட்ஸ்மேன் செய்யப்படுகிறார். அதனால்தான் செயப்பாட்டு வினை வருகிறது.

அதே இரண்டு சொல் சமையலறைக்கு வந்தால் வேறு கதை. பால் தீர்ந்துவிட்டது. தமிழில் பால்தான் எழுவாய்: ‘பால் தீர்ந்துபோச்சு’. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆளை எழுவாயாக வைப்பார்கள்: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. நாம் ‘பாலிலிருந்து வெளியே ஓடிவிட்டோம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பார்த்தால் தலை சுற்றும், எனவே பெயர்க்காதீர்கள். ‘ரன் அவுட் ஆஃப்’ என்ற மூன்றையும் ஒரே சொல்லாக விழுங்கிவிடுங்கள். கேஸ், சில்லறை, பொறுமை, யோசனை என்று தீரக்கூடிய எதையும் அதன் பின்னால் வைக்கலாம். இன்னும் தீரவில்லை, தீரப்போகிறது என்றால் ‘வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் மில்க்’, அல்லது ‘வீ ஆர் ரன்னிங் லோ ஆன் மில்க்’. பாலையே எழுவாயாக வைத்து ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்றாலும் சரிதான். அப்போது ‘ஆஃப்’ வராது. ‘மை பாஸ்போர்ட் ரன்ஸ் அவுட் இன் மே’ என்றால் மே மாதத்தோடு பாஸ்போர்ட் காலாவதி.

மற்ற வால்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்க்கலாம். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்றால் ஆசிரியரை எதிர்பாராமல் பார்த்தேன். ‘ஹி ரேன் இன்டு எ வால்’ என்றால் சுவரில் மோதிக்கொண்டான். செலவு ‘ரன்ஸ் இன்டு லேக்ஸ்’ என்றால் லட்சக்கணக்கில் போகும். ‘தி மீட்டிங் ரேன் ஓவர்’ என்றால் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. ‘தி டாக் வாஸ் ரன் ஓவர்’ என்றால் பாவம், நாயின் மேல் வண்டி ஏறிவிட்டது. எழுவாய் யார், ‘வாஸ்’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குழப்பம் வராது. ‘ரன் டவுன்’ நான்கு இடத்தில் வரும்: பேட்டரி இறங்குவது, உடம்பு அசந்துபோவது, கட்டடம் பாழடைந்து கிடப்பது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது. நான்கிலும் ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று பிடித்துக்கொண்டால் மறக்காது.

அலுவலகத்தில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை அதிகம் தடுமாறவைப்பது ‘ரன் இட் பை மீ’. அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டி, என் கருத்தைக் கேளுங்கள் என்பதுதான் பொருள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் பழக்கம் மாறும் என்றாலும், மேலாளர் அப்படிச் சொன்னால் அது பெரும்பாலும் ‘என் சம்மதம் இல்லாமல் அனுப்பாதே’ என்பதன் மென்மையான வடிவம். வெறும் தகவலுக்கு என்று நினைத்து நீங்களே அனுப்பிவிட்டால் மனஸ்தாபம் வரும். ‘கேன் யூ ரன் தட் பை மீ அகெய்ன்?’ என்று கேட்டால் மட்டும், புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று பொருள்.

‘லெட்ஸ் ரன் த்ரூ தி ஸ்லைட்ஸ்’ என்றால் ஸ்லைடுகளை வரிசையாக ஒரு பார்வை பார்ப்போம். ‘டிரை ரன்’ என்பது ஒத்திகை. ‘ரன் தி நம்பர்ஸ்’ என்றால் கணக்குப் போட்டுப் பார். ‘அப் அண்ட் ரன்னிங்’ என்றால் சர்வரோ கடையோ நல்லபடியாக இயங்குகிறது. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று வந்தால் அவர் தாமதமாக வருவார். இதை நீங்களும் தாராளமாக எழுதலாம், மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உடம்பு, துணிமணி

வெளிநாட்டில் டாக்டரிடம் போகும்போது இந்தச் சொல்லைச் சரியாகப் பிடிப்பது முக்கியம். ‘டயபிட்டீஸ் ரன்ஸ் இன் மை ஃபேமிலி’ என்றால் சர்க்கரை நோய் எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. டாக்டர் அப்படிக் கேட்டால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வரைக்கும் யோசித்துப் பதில் சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது உதவும். ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. மூக்கு ஒழுகுவதை நாம் ‘ரன்னிங் நோஸ்’ என்போம். அங்கே ‘ரன்னி நோஸ்’ என்பார்கள், அல்லது ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’. ‘ஐ ஹேவ் தி ரன்ஸ்’ என்பது பேச்சு வழக்கில் வயிற்றுப்போக்கைச் சொல்லும். டாக்டரிடம் ‘டயரியா’ என்றே சொல்லிவிடலாம்.

துணிச்சீட்டுக்கு வருவோம். தமிழில் ‘சாயம் போகுது’ என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது இரண்டு. சாயம் தண்ணீரில் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறினால் ‘ரன்’. வெயிலிலும் துவைத்துத் துவைத்தும் நிறம் மங்கினால் ‘ஃபேட்’. ‘கலர்ஸ் மே ரன்’ என்று பார்த்தால் அந்தச் சட்டையை வெள்ளை வேட்டியோடு மெஷினில் போடாதீர்கள். தனியாக அலசுங்கள்.

செய்தி படிக்கும்போது

அமெரிக்காவில் தேர்தலில் நிற்பதற்கு ‘ரன்’. பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’. தமிழில் நாமும் தேர்தலில் நிற்கிறோம் என்பதால் பிரிட்டிஷ் வழக்கு நமக்கு நெருக்கம். ‘ரன்னிங் மேட்’ என்றால் அதிபர் வேட்பாளரோடு சேர்ந்து நிற்கும் துணை அதிபர் வேட்பாளர். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2020-இல் ஜோ பைடனின் ‘ரன்னிங் மேட்’ ஆனபோது தமிழ் நாளிதழ்களிலும் அந்தச் சொல் எட்டிப் பார்த்தது. 2024-இல் அவரே அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார்: ‘ஷி ரேன் ஃபார் பிரசிடென்ட்’. ‘ஃபார்’ என்ற வால் எந்தப் பதவிக்கு என்று காட்டும்.

பொருளாதாரப் பக்கத்தில் ‘பேங்க் ரன்’ என்று கண்டால் வங்கி நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், நேர் எதிர். வங்கி முழுகிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வதுதான் அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகள் முன் மக்கள் நீள வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்கில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. மறுநாள் அதிகாரிகள் வங்கியை மூடினார்கள். அங்கே வரிசைகூடத் தேவைப்படவில்லை, பெரும்பாலும் இணையம் வழியாகவே பணம் வெளியேறியது. குற்றச் செய்தியில் ‘ஆன் தி ரன்’ என்றால் தலைமறைவு. ‘ஹிட் அண்ட் ரன்’ நமக்குத் தெரிந்ததே, இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி.

பெயராக, அடையாக வரும்போது

‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பதைக் கவனியுங்கள். மூன்று நாள் ஓடியதாகப் பொருள் இல்லை. தொடர்ந்து மூன்று நாள். எண்ணும் நாளும் முன்னால் வந்து ‘ரன்னிங்’ கடைசியில் நின்றால் ‘தொடர்ந்து’ என்று படியுங்கள். ‘இன் தி லாங் ரன்’ என்றால் நாளாவட்டத்தில். ‘ரன் ஆஃப் தி மில்’ என்பது ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வந்த சரக்கைக் குறித்துப் பிறந்தது. இன்று சாதாரணமான, சிறப்பு ஒன்றுமில்லாத எதையும் சொல்லும். ‘ரன் அமோக்’ என்பதில் உள்ள ‘அமோக்’ மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மலேசியத் தமிழர்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. கட்டுக்கடங்காமல் வெறிபிடித்துத் திரிவது என்று பொருள்.

வடிவத்தில் ஒரு கவனம்

இன்று ‘ரன்’, நேற்று ‘ரேன்’, ‘ஹேவ்’ அல்லது ‘ஹேட்’ வந்தால் மறுபடி ‘ரன்’. ‘வீ ஹேவ் ரேன் அவுட்’ என்பது பலர் வாயில் வரும் பிழை. மேலே பார்த்த ‘வாஸ் ரன் அவுட்’, ‘வாஸ் ரன் ஓவர்’ இரண்டிலும் அதே மூன்றாம் வடிவம்தான். உச்சரிப்பிலும் இரண்டையும் நன்றாகப் பிரியுங்கள். ‘ரேன்’ என்று நான் எழுதியிருப்பது ‘பேங்க்’ என்பதில் வாயைத் திறக்கிறோமே, அந்த ஒலி. ஆனால் நீட்டாமல் குறுக்கிச் சொல்ல வேண்டும்.

எப்படிப் பழகுவது

ஒரு நோட்டை எடுத்து ‘ரன்’ என்று தலைப்புப் போட்டுப் பொருள்களை வரிசையாக எழுத வேண்டாம். அப்படி எழுதியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் உண்மையிலேயே கேட்ட, படித்த வாக்கியத்தை அப்படியே முழுசாக எழுதுங்கள். பக்கத்தில், அந்த இடத்தில் உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அந்தத் தமிழை எழுதுங்கள். ‘பால் தீர்ந்துபோச்சு’ என்று இருக்கட்டும், ‘பால் முடிவுற்றது’ என்று வேண்டாம். பேசும் தமிழோடு இணைத்தால்தான் பேசும்போது வாயில் வரும்.

அகராதி என்றால் கற்பவர்களுக்கான அகராதியையே பாருங்கள். கேம்பிரிட்ஜ், லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீளமான பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் சிறு குறிப்புத் தலைப்பு இருக்கும். எது ஓடுகிறது என்று முதலில் முடிவு செய்துகொண்டு அந்தத் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். முழுப் பதிவையும் படிக்க உட்கார்ந்தால் அலுத்துவிடும்.

கடைசியாக, கைப்பழக்கத்துக்கு நான்கு வாக்கியம். விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே யோசியுங்கள்.

‘தேர் வாஸ் எ ரன் ஆன் அம்பிரெல்லாஸ்.’
‘ஷி ரன்ஸ் எ டைட் ஷிப்.’
‘தே கேவ் அஸ் தி ரன் ஆஃப் தி ஹவுஸ்.’
‘தி வெல் ஹேஸ் ரன் டிரை.’

முதலாவதில் ‘பேங்க் ரன்’ நினைவுக்கு வந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள்: மழை வந்ததும் எல்லோரும் குடை வாங்கக் கடைக்குப் பாய்ந்தார்கள். இரண்டாவதில் பின்னால் பெயர் வருகிறது, ஆகவே ‘நடத்து’: அந்த அம்மா எல்லாவற்றையும் கறாராக, ஒழுங்காக நடத்துபவர், கப்பல் எதுவும் வைத்திருக்கவில்லை. மூன்றாவதில் ‘ரன்’ பெயர்ச்சொல்: வீடு முழுக்க எங்கள் இஷ்டத்துக்குப் புழங்கவிட்டார்கள். நான்காவது, கிணறு வற்றிப்போய்விட்டது. அதில் ‘ஹேஸ்’ வந்ததால்தான் ‘ரேன்’ வரவில்லை.